இருபத்தெட்டுப் பேர் பறவை பார்க்க எந்தக் குளம் ஏற்றது?

திருப்பூரில் எங்கள் தெருவையும் அக்கம்பக்கத்துத் தெருக்களையும் சேர்ந்த 28 பேர் இந்தக் குளிர்காலத்தில் ஒரு நாள் சேர்ந்து பறவை பார்க்கப் போவதென்று முடிவு செய்திருக்கிறோம். அவர்களில் ஒன்பது பேர் குழந்தைகள். ஐந்து பேர் அறுபதைக் கடந்தவர்கள். அந்த ஐவரில் ஒருவர் முழங்கால் வலியால் அரைக் கிலோமீட்டருக்கு மேல் ஒரே மூச்சில் நடக்க முடியாதவர். ஆறு பேர் பல ஆண்டுகளாகப் பைனாகுலரும் குறிப்பேடுமாகக் குளக்கரைகளில் நடப்பவர்கள்; நானும் அவர்களில் ஒருவன். மீதமுள்ள எட்டுப் பேர் ஒரு பறவையை ஐந்து நிமிடம் நின்று பார்த்திராதவர்கள். எங்கே போவது என்பதில் மூன்று கருத்துகள் எழுந்தன. ஊருக்குப் பக்கத்திலேயே இருக்கும் நஞ்சராயன் குளம் போதும் என்றார்கள் சிலர்; ஈரோடு பக்கம் வெள்ளோட்டுக்குப் போகலாம் என்றார்கள் சிலர்; குழந்தைகள் உள்ள வீட்டார் கோவை சிங்காநல்லூர்க் குளத்தைச் சொன்னார்கள். மூன்றுக்கும் பலமுறை போய்வந்தவன் என்ற முறையில் ஒப்பிட்டு எழுதித் தரும் பொறுப்பை நான் ஏற்றுக்கொண்டேன். இதே கேள்வியோடு நிற்கும் மற்ற குழுக்களுக்கும் பயன்படும் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

வழக்கமாக இத்தகைய ஒப்பீடு எந்தக் குளத்தில் எத்தனை வகைப் பறவைகள் பதிவாகியிருக்கின்றன என்ற எண்ணிக்கையிலிருந்து தொடங்கும். தனியாகவோ இருவராகவோ போகிறவர்களுக்கு அது சரியான அளவுகோல். குழுவுக்கு அது பொருந்தாது என்பதை இரண்டு ஆண்டுகளுக்கு முன் நேரடியாகப் பட்டுத் தெரிந்துகொண்டேன். அன்று 43 பேர் ஒரே பேருந்தில் ஒரு குளத்துக்குப் போனோம். பறவைப் பட்டியல் மிக நீளமாக இருந்தது என்பதற்காகவே அந்தக் குளத்தைத் தேர்ந்திருந்தோம். போய்ச் சேரும்போது மணி எட்டரை. நாங்கள் நின்ற கரையிலிருந்து தண்ணீரைப் பார்த்தால் சூரியன் நேர் எதிரே இருந்தது. நீர்ப்பரப்பு முழுவதும் பளபளத்ததில் பறவைகளெல்லாம் கறுப்பு நிழல்களாகத்தான் தெரிந்தன. முன்னால் போன பத்துப் பேர் பார்த்து முடிப்பதற்குள் பின்னால் வந்தவர்களின் பேச்சொலிக்கு வாத்துகள் எழும்பி நடுக்குளத்துக்குப் போய்விட்டன. அன்று எங்கள் குறிப்பேட்டில் 40க்கும் மேற்பட்ட வகைகள் ஏறின. ஆனால் திரும்பும் வழியில் ஒரு பெண் குழந்தை, "மாமா, நாம பாக்க வந்த பறவை வரவேயில்லீங்களா?" என்று கேட்டாள். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அவளுடைய அப்புச்சி நடக்க முடியாமல் பேருந்திலேயே இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தார்.

ஆகவே இம்முறை என் அளவுகோல்கள் வேறு. குழுவிலேயே மெதுவாக நடப்பவர் எத்தனை அடி நடந்தால் முதல் பறவையைப் பார்க்க முடியும்? அந்தப் பறவை வெறுங்கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் இருக்குமா? நாம் போகும் நேரத்தில் வெயில் நமக்கு முன்னாலா, பின்னாலா? அத்தனை பேர் நின்றாலும் பறவை தன் வேலையை விடாமல் பார்த்துக்கொண்டிருக்குமா? பட்டியலின் நீளம் இவற்றுக்கெல்லாம் பின்னால்தான் வரும்.

முதலில் நஞ்சராயன் குளம். திருப்பூரிலிருந்து ஊத்துக்குளி சாலையில், சுக்ரீசுவரர் கோயில் உள்ள சர்க்கார் பெரியபாளையத்தை ஒட்டி இருக்கிறது. எங்கள் தெருவிலிருந்து அரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். ஏறத்தாழ 126 ஹெக்டேர் பரப்புள்ள இக்குளத்துக்கு நல்லாறு வழியாக வரும் மழைநீரே முக்கிய வரத்து. முன்னொரு காலத்தில் இதைச் செப்பனிட்ட நஞ்சராயன் என்ற மன்னனின் பெயரே குளத்துக்கு நிலைத்துவிட்டது. 2022ஆம் ஆண்டு தமிழ்நாட்டின் 17ஆவது பறவைகள் சரணாலயமாக இது அறிவிக்கப்பட்டது. 2024 ஆகஸ்டில், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களைக் குறிக்கும் ராம்சர் பட்டியலிலும் இடம்பெற்றது. அந்த அறிவிப்பின்போது வெளியான கணக்கில் 191 வகைப் பறவைகளும் 87 வகைப் பட்டாம்பூச்சிகளும் குறிக்கப்பட்டிருந்தன. நொய்யல் படுகையில் சாயக்கழிவால் நாம் இழந்தவற்றை நினைத்துப் பார்ப்பவர்களுக்கு இந்த எண்களின் அருமை விளங்கும். 1992இல் பாசனத்துக்கென்று கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை சாயநீர்த் தேக்கமாக மாறியதைக் கண்ணால் கண்ட தலைமுறை நாங்கள். அதே மாவட்டத்தில், தொழிற்சாலைகளுக்கும் வீட்டுமனைகளுக்கும் இடையே ஒரு குளம் உலக அளவில் மதிக்கப்படும் ஈரநிலமாக நிற்பதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்வதில்லை.

குளிர்காலத்தில் நஞ்சராயனுக்கு வரும் விருந்தாளிகளில் எல்லாருடைய மனத்தையும் கவர்வது வரித்தலை வாத்து. திபெத்திலும் மங்கோலியாவிலும் உள்ள உயர்ந்த ஏரிகளில் குஞ்சு பொரித்துவிட்டு, இமயத்தைப் பறந்து கடந்து தெற்கே வரும் பறவை அது. 7,000 மீட்டர் உயரத்துக்கும் மேலே அது பறப்பதை ஆய்வாளர்கள் கருவி பொருத்திப் பதிவு செய்திருக்கிறார்கள். வெள்ளைத் தலையில் பின்பக்கமாக இரண்டு கறுப்புப் பட்டைகள் இருக்கும். ஊசிவால் வாத்து, தட்டைவாயன், நீலச்சிறகி ஆகிய வலசை வாத்துகளும் இங்கே வரும். நீர் வற்றிச் சேற்றுத்திட்டுகள் வெளியே தெரியத் தொடங்கினால், சேற்றில் இரை தேடும் கரைப்பறவைகளான உள்ளான் வகைகள் இறங்கும்.

இத்தனை சிறப்பும் இருந்தும் இந்தக் குளத்தை எங்கள் குழுவுக்கு முதல் தேர்வாக என்னால் சொல்ல முடியவில்லை. வலசை வாத்துகளில் பெரும்பாலானவை இரவில் மேய்ந்து பகலில் ஓய்வெடுப்பவை. ஆள் நடமாட்டத்துக்கு எட்டாத நடுக்குளத்தில் கூட்டமாக மிதந்தபடி அலகைச் சிறகுக்குள் செருகித் தூங்கிக்கொண்டிருக்கும். கரையிலிருந்து 200, 300 மீட்டர் தூரத்தில் அப்படி மிதக்கும் வாத்து வெறுங்கண்ணுக்கு ஒரு புள்ளி. சாதாரணப் பைனாகுலரில் ஒரு பழுப்பு நிறக் கட்டி. முக்காலியில் பொருத்திய ஸ்கோப் எனும் தொலைநோக்கி இருந்தால்தான் அதன் அழகு தெரியும். எங்களிடம் ஒரே ஒரு ஸ்கோப் இருக்கிறது. ஒருவர் ஒரு நிமிடம் பார்த்தாலும் 28 பேர் பார்த்து முடிக்க அரை மணி நேரம் ஆகும். அதற்குள் வாத்து திரும்பியிருக்கும், அல்லது குழந்தைகள் பொறுமையிழந்து கரையிலிருந்து இறங்கியிருப்பார்கள். நல்ல காட்சி கிடைக்கும் இடத்துக்குப் போகக் கரையில் நெடுந்தூரம் நடக்க வேண்டியும் இருக்கும். முழங்கால் வலியுள்ள பெரியவருக்கு அது இயலாது. வெயில் ஏறிய பிறகு நிழல் தேட வேண்டியிருப்பதால் காலை ஆறரைக்கும் ஒன்பதுக்கும் இடைப்பட்ட நேரமே இங்கே பயனுள்ள நேரம். பறவைகளை ஏற்கெனவே அறிந்த ஆறு பேர் போவதாக இருந்தால் நான் மறுபேச்சின்றி நஞ்சராயனைச் சொல்வேன். இருபத்தெட்டுப் பேருக்கு அல்ல.

வெள்ளோட்டின் கதை வேறு. ஈரோட்டிலிருந்து சென்னிமலை செல்லும் சாலையில் சுமார் 15 கிலோமீட்டரில், பெருந்துறை வட்டத்தில் இருக்கிறது. திருப்பூரிலிருந்து ஏறக்குறைய 45 கிலோமீட்டர். பரப்பு ஏறத்தாழ 77 ஹெக்டேர்தான், அதாவது நஞ்சராயனில் மூன்றில் இரண்டு பங்குக்கும் குறைவு. 1996இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இந்தப் பெரியகுளம் 2022இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. மழைநீரோடு கீழ்பவானி வாய்க்கால் பாசனத்தின் கசிவுநீரும் இதற்கு வந்து சேர்வதால், வானத்தை மட்டுமே நம்பியிருக்கும் குளங்களைவிட இங்கே நீர் நிலைத்து நிற்க வாய்ப்பு அதிகம். வாய்க்காலுக்கு ஆயக்கட்டில் பாயும் நெல்லும் மஞ்சளும் மட்டுமே உறவு என்று எண்ணியிருந்த எனக்கு, அந்த வாய்க்காலின் கசிவில்தான் கூழைக்கடாவும் பிழைக்கிறது என்று புரிந்த நாள் இன்னும் நினைவிருக்கிறது.

எங்கள் குழுவைப் பொறுத்தவரை வெள்ளோட்டின் முதன்மையான நன்மை, குளத்துக்குள் நிற்கும் மரங்கள். தண்ணீருக்கு நடுவே கருவேல மரங்கள் இருப்பதால் பெரிய நீர்ப்பறவைகள் அவற்றில் அடைகின்றன, கூடு கட்டுகின்றன. கூழைக்கடா, மஞ்சள்மூக்கு நாரை, வெள்ளை அரிவாள்மூக்கன், பாம்புத்தாரா, நீர்க்காகம், சாம்பல் நாரை என்று இங்கே பார்க்கக் கிடைப்பவை எல்லாமே உருவத்தில் பெரியவை. முதன்முறை பார்க்கிறவருக்கும் பைனாகுலர் இல்லாமலே தெரியக்கூடியவை. கூட்டோடு கட்டுண்ட பறவை, வாத்தைப்போலச் சட்டென்று எழும்பிப் போவதில்லை. பாதையை விட்டு இறங்காமல், சத்தம் போடாமல் நின்றால் ஒரே பறவையைக் கால் மணி நேரம் பார்த்துக்கொண்டே இருக்கலாம். குழுவுக்கு வேண்டியது இதுதான். ஒரு பறவையை எல்லாரும் பார்த்து, எல்லாரும் அதைப் பற்றிப் பேசி, பேசியதைச் சரிபார்க்க மீண்டும் அதையே பார்க்க முடிய வேண்டும்.

சென்ற ஆண்டு மாசி மாதத்தில் வெள்ளோட்டில் பார்த்த ஒரு காட்சியைச் சொல்கிறேன். கரைக்கு மிக அருகில் தண்ணீருக்கு மேலே கழுத்தும் தலையும் மட்டும் தெரிய ஒரு பாம்புத்தாரா நீந்திக்கொண்டிருந்தது. உடல் முழுவதும் நீருக்குள் அமிழ்ந்திருந்ததால் பார்க்கப் பாம்பு நீந்துவது போலவே இருந்தது. திடீரென்று முழுகியது. ஏறத்தாழ அரை நிமிடம் கழித்து மேலே வந்தபோது ஊசி போன்ற அலகின் நுனியில் ஒரு மீன் குத்துப்பட்டுத் துடித்தது. அலகில் குத்தியிருக்கும் மீனை அப்படியே விழுங்க முடியாதல்லவா? தலையை ஒரு வெட்டு வெட்டி மீனை மேலே வீசியது. கீழே விழும்போது வாயைத் திறந்து பிடித்தது. முதல் முறை மீனின் வால் பக்கம் வாயில் விழுந்தது. மறுபடி வீசிப் பிடித்து, தலைப்பக்கம் முன்னால் வந்த பிறகுதான் விழுங்கியது. வால்பக்கமாக விழுங்கினால் செதிலும் துடுப்பு முள்ளும் தொண்டையில் குத்தும். மெலிந்த கழுத்தில் அந்த மீன் ஒரு முடிச்சுபோல இறங்கியதை எங்களோடு நின்றிருந்த பெரியம்மா ஒருவர் வெறுங்கண்ணால் பார்த்தார். பிறகு அது ஒரு பட்ட மரக்கிளையில் ஏறிச் சிறகிரண்டையும் விரித்து வெயிலில் காயவைத்தது. நீர்க்காகத்துக்கும் இதற்கும் இறகு நனையும் தன்மை உண்டு. நனைவதால்தான் சுலபமாக அமிழ முடிகிறது, நனைந்ததால்தான் காயவைக்க வேண்டியிருக்கிறது என்று விளக்கிக்கொண்டிருந்தேன். அந்தப் பெரியம்மா, "இது எங்கூர்க் குட்டையில நெம்பக் கெடந்துச்சு சாமி. பேருதான் எங்களுக்குத் தெரியாது. குட்டை வத்துனதுக்கப்பறம் இன்னைக்குத்தான் பாக்கறேன்" என்றார். நான்கு குழந்தைகள் பறவையை விட்டுவிட்டு அவரைச் சூழ்ந்துகொண்டு அந்தக் குட்டையைப் பற்றிக் கேட்கத் தொடங்கினார்கள். குழுவாகப் போவதன் பயன் எனக்கு அங்கேதான் முழுதாக விளங்கியது. நான் தனியாகப் போயிருந்தால் அந்தக் குட்டையைப் பற்றித் தெரிந்துகொண்டிருக்க மாட்டேன்.

வெள்ளோட்டுச் சுற்றுவட்டார ஊர் மக்கள் பறவைகள் மிரளக் கூடாது என்பதற்காகப் பல ஆண்டுகளாகத் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. அதைப் பேச்சளவில் சொல்வதைவிட, குழந்தைகளை அந்த ஊரின் கரையிலேயே நிறுத்திச் சொல்வது நன்றாக மனத்தில் பதியும் என்பது வெள்ளோட்டுக்கு நான் கூடுதலாகக் கொடுக்கும் மதிப்பெண்.

குறை இல்லாமல் இல்லை. சரணாலயத்துக்கு வாயிலும் நுழைவுக் கட்டணமும் திறக்கும் நேரமும் உண்டு. கிழக்கு வெளுக்கும்போதே உள்ளே இருக்க வேண்டும் என்று நினைப்பவர்கள் வனத்துறையிடம் முன்கூட்டியே பேசிக்கொள்ள வேண்டும். கூட்டமாக வருவதையும் முன்பே சொல்லிவிடுவது முறை. விடுமுறை நாள்களில் குடும்பத்தோடு பொழுதுபோக்க வருபவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள். கூடு கட்டும் காலத்தில் இன்னொரு பொறுப்பும் சேர்கிறது. நம் சத்தத்தால் தாய்ப்பறவை கூட்டை விட்டு எழுந்தால், இறகு முளைக்காத குஞ்சுகள் வெயிலில் வாடும். காகமும் பருந்தும் அந்த இடைவெளிக்காகத்தான் காத்திருக்கும். அதனால் நாங்கள் அழைத்துப் போகும் குழந்தைகளுக்கு முதல் நாளே இதைச் சொல்லிவிடப் போகிறோம். காரணம் சொன்னால் குழந்தைகள் கேட்டுக்கொள்கிறார்கள். "சத்தம் போடாதே" என்று மட்டும் சொன்னால் பத்து நிமிடம்தான் நிற்கும்.

சிங்காநல்லூரைப் பற்றிச் சொல்வதற்கு அதிகம் இல்லை. சுமார் 288 ஏக்கர் பரப்புள்ள அந்தக் குளத்தை 2017இல் நகர்ப்புறப் பல்லுயிர்ப் பாதுகாப்பு மண்டலமாக அறிவித்தார்கள். திருச்சி சாலையில் நகரப் பேருந்திலேயே போய் இறங்கலாம் என்பதும், கரையோர மரங்களும் பட்டாம்பூச்சிகளும் குழந்தைகளுக்குப் பிடிக்கும் என்பதும் உண்மை. நீலத் தாழைக்கோழி, நாமக்கோழி, முக்குளிப்பான் ஆகியவை ஆள் நடமாட்டத்துக்குப் பழகிப் பக்கத்திலேயே திரியும். கோவையில் இருப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டு மணி நேரம் ஒதுக்கினால் போதும் என்ற வசதிக்கு ஈடு கிடையாது. ஆனால் சாக்கடை நீர் கலப்பும் ஆகாயத்தாமரைப் படர்வும் அந்தக் குளத்தை இன்னும் விட்டபாடில்லை. தாமரை மூடிய பருவத்தில் தண்ணீரே கண்ணுக்குத் தெரியாது. நகரின் இரைச்சலும் உண்டு. திருப்பூரிலிருந்து 45 கிலோமீட்டர் பயணம் செய்து அங்கே போவதற்கு, அதே தூரத்தில் வெள்ளோடு இருக்கும்போது, எனக்குக் காரணம் தெரியவில்லை. கோவைக் குழுவாக இருந்தால் இந்தப் பத்தியை நான் வேறு மாதிரி எழுதியிருப்பேன்.

இடத்தைவிட நேரத்தைப் பற்றித்தான் எங்களுக்குள் கருத்து வேறுபாடு அதிகமாக இருந்தது. பறவை பார்ப்பதென்றால் விடியற்காலைதான் என்பது எல்லாரும் ஒப்புக்கொண்ட வழக்கு. காட்டுப் பறவைகளுக்கும், அதிகாலையில் குரல் கொடுக்கும் சிறு குருவிகளுக்கும் அது முழுக்கப் பொருந்தும். வெள்ளோடு போன்ற அடைவிடத்துக்கு மாலையே மேல் என்பது என் கருத்து. பகலில் சுற்றுப்புறக் குளங்களுக்கும் வயல்களுக்கும் ஆற்றங்கரைக்கும் இரை தேடிப் போன பறவைகள் நான்கரை மணியிலிருந்து ஒன்றிரண்டாகத் திரும்பத் தொடங்கும். பொழுது சாய்வதற்கு முந்தைய முக்கால் மணி நேரத்தில் கூட்டங்கூட்டமாக வந்து மரங்களில் இறங்கும். நாம் நடந்து போய்ப் பறவையைத் தேட வேண்டியதில்லை; ஓரிடத்தில் உட்கார்ந்திருந்தால் பறவை நம்மை நோக்கி வரும். முழங்கால் வலியுள்ள பெரியவருக்கும் முதல் வரிசையில் நிற்கும் ஆறு வயதுக் குழந்தைக்கும் ஒரே காட்சி கிடைப்பது மாலையில்தான். மார்கழி, தை மாதங்களில் கொங்கு நாட்டில் சூரியன் உதிக்கவே ஏறத்தாழ 6.45 ஆகிவிடும், மூடுபனி இருந்தால் ஏழரை வரை தெளிவு வராது. அதற்காகக் குழந்தைகளையும் பெரியவர்களையும் அதிகாலை நான்கரைக்கு எழுப்பி வேனில் ஏற்றுவது தேவையற்ற வருத்தம்.

மாலை என்று முடிவு செய்தால் நிற்கும் திசையையும் அதற்கேற்ப மாற்ற வேண்டும். காலையில் கிழக்குக் கரையில் நின்று மேற்கே பார்க்க வேண்டும், மாலையில் மேற்குக் கரையில் நின்று கிழக்கே பார்க்க வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். அதிகம் பேசப்படாத ஒன்றைச் சேர்த்துச் சொல்கிறேன். மார்கழியிலும் தையிலும் சூரியன் நாள் முழுவதும் தெற்கே சாய்ந்தே செல்கிறது. நண்பகலில்கூட உச்சிக்கு வருவதில்லை. அதனால் தென்கரையில் நின்று வடக்கே பார்ப்பவருக்கு எந்த நேரத்திலும் கண் கூசாது. முன்பின் தெரியாத குளத்துக்குப் போகிற குழு, வேறெதுவும் தெரியாவிட்டாலும் தென்கரையைத் தேடிப்போனால் பாதிக் கவலை தீரும். வரைபடத்தைத் திறந்து முதல் நாளே கரையின் திசையைப் பார்த்துக்கொள்ள ஐந்து நிமிடம் போதும். அந்த ஐந்து நிமிடத்தை ஒதுக்காததால்தான் 43 பேரை ஒரு காலைப்பொழுது முழுவதும் வெயிலுக்கு எதிரே நிறுத்தினோம்.

எந்த மாதம் என்ற கேள்விக்கு, வலசைப் பறவைகள் அக்டோபரிலிருந்து மார்ச் வரை இருக்கும் என்ற பொது விடை போதாது. வடகிழக்குப் பருவமழை நன்றாகப் பெய்த ஆண்டில் நவம்பர், டிசம்பரில் குளம் விளிம்பு வரை நிறைந்திருக்கும். பார்க்கக் கண்ணுக்குக் குளிர்ச்சிதான். ஆனால் சேற்றுத்திட்டு ஏதும் வெளியே இராததால் உள்ளான்களுக்கு நிற்க இடமில்லை, வாத்துகளும் பரந்த நீரில் சிதறிக் கிடக்கும். தை பிறந்து நீர் மெல்ல இறங்கத் தொடங்கியதும் ஓரங்களில் சேறு வெளிப்படும், மீன் சிறு பரப்புக்குள் நெருங்கும், பறவைகளும் நெருங்கி வரும். மஞ்சள்மூக்கு நாரை முழங்காலளவு நீரில் அலகைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு, ஒரு காலால் சேற்றைக் கலக்கியபடி மெல்ல நடப்பதை அப்போதுதான் கிட்டத்தில் பார்க்கலாம். கலங்கிய நீரில் கண்ணால் தேடாமல், அலகில் மீன் பட்டவுடன் கவ்வும் பறவை அது. ஆகவே ஜனவரி கடைசியிலிருந்து பிப்ரவரி பாதி வரையிலான நாள்களே எங்களுக்கு ஏற்றவை. பிப்ரவரி 2 உலக ஈரநில நாள். 1971இல் அதே தேதியில்தான் ஈரானின் ராம்சர் நகரில் ஈரநில உடன்படிக்கை கையெழுத்தானது. அதற்கு அடுத்து வரும் ஞாயிற்றுக்கிழமையைக் குறித்திருக்கிறேன்.

பொங்கல் நாள்களிலேயே போகலாம் என்ற யோசனையும் வந்தது. 2015 முதல் ஆண்டுதோறும் பொங்கலையொட்டிப் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. எங்கே இருந்தாலும் குறைந்தது 15 நிமிடம் பார்த்து எண்ணி, பறவைப் பதிவுகளுக்கான இ-பேர்டு இணையதளத்தில் பதிந்தால் போதும். அது மிக நல்ல பழக்கம். ஆனால் எண்ணுவதும் கற்றுக்கொடுப்பதும் ஒரே நேரத்தில் ஆகாத வேலைகள். எண்ணுகிறவர் பறவையிலிருந்து கண்ணை எடுக்கக் கூடாது. கற்றுக்கொடுக்கிறவர் பக்கத்தில் நிற்கும் குழந்தையிலிருந்து கண்ணை எடுக்கக் கூடாது. எனவே கணக்கெடுப்புக்கு அறிந்த ஆறு பேர் மட்டும் பொங்கலன்று விடியற்காலையில் நஞ்சராயன் குளத்துக்குப் போவோம். மற்றவர்கள் அந்த நாள்களில் வீட்டு மாடியிலோ தோட்டத்திலோ இருந்தபடியே 15 நிமிடம் எண்ணிப் பழகட்டும். மைனா, காகம், பஞ்சுருட்டான், செம்பருந்து என்று எட்டுப் பறவைகளை வீட்டில் இனம் கண்டுகொண்டு வருபவருக்கு வெள்ளோட்டில் கண் சீக்கிரம் பிடிபடும்.

கருவிகளில் செலவு செய்ய விரும்புகிறவர்களுக்கு ஒரு சொல். 10×50 வாங்கலாமா, 8×42 வாங்கலாமா என்று இரண்டு பெற்றோர்கள் கேட்டிருக்கிறார்கள். முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது. இரண்டாவது எண் முன் கண்ணாடியின் விட்டம், மில்லிமீட்டரில். பத்து மடங்கு பெரிதாகக் காட்டினால் நல்லதுதானே என்று தோன்றும். கை நடுக்கமும் அதே பத்து மடங்காகத்தான் தெரியும்; பார்வைப் பரப்பு குறுகுவதால் புதியவருக்குப் பறவை கண்ணாடிக்குள் அகப்படவே நேரம் பிடிக்கும். குழந்தைக்கும் புதியவருக்கும் 8×42 போதும், எடையும் குறைவு. எங்களிடம் இப்போது ஏழு பைனாகுலர்கள் இருக்கின்றன. நால்வருக்கு ஒன்று என்று கணக்கிட்டால் 28 பேருக்குச் சரியாக வரும். வெள்ளோட்டில் அது தாராளமாகவே போதும். நஞ்சராயனில் ஏழும் போதாது. இதுவும் என் முடிவுக்கு ஒரு காரணம்.

வாகனத்தில் ஒரு பேருந்தா, இரண்டு வேன்களா என்பதில் நான் வேன்களின் பக்கம். ஒரே பேருந்திலிருந்து 28 பேர் ஒரே நேரத்தில் இறங்கினால் எவ்வளவு கட்டுப்பாடாக இருந்தாலும் ஒரு கூட்டமாகத்தான் நடப்போம். இரண்டு வேன்கள் கால் மணி நேர இடைவெளியில் போய்ச் சேர்ந்தால், முதல் 14 பேர் பார்வைக் கோபுரத்தில் இருக்கும்போது அடுத்த 14 பேர் நடைபாதையில் இருப்பார்கள். பிறகு இடம் மாறிக்கொள்ளலாம். அறிந்தவர் ஆறு பேரும் வேனுக்கு மூவராகப் பிரிந்துகொள்வோம். ஒருவர் முன்னால் நடப்பார். ஒருவர் நடுவில் குழந்தைகளோடு. மூன்றாமவர் கடைசியில், மெதுவாக நடப்பவரோடு. கடைசியில் நடப்பவரிடம்தான் ஸ்கோப் இருக்கும் என்று தீர்மானித்திருக்கிறோம். வழக்கத்தில் ஸ்கோப் முன்னால் போகும். பின்னால் வருபவர்கள் வந்து சேரும்போது அதை மடக்கித் தோளில் போட்டுக்கொண்டு அடுத்த இடத்துக்குக் கிளம்பிவிடுவார்கள். இம்முறை மெதுவாக நடப்பவர் நிற்குமிடத்தில் அதை விரித்து வைப்போம். மற்றவர்கள் திரும்பி வந்து பார்க்கட்டும்.

ஆகவே பிப்ரவரி 2க்கு அடுத்து வரும் ஞாயிற்றுக்கிழமை, வெள்ளோடு, மாலை. வேன்கள் பகல் ஒன்றரைக்கும் ஒன்றே முக்காலுக்கும் கிளம்பும். ஊத்துக்குளி, சென்னிமலை வழி. வாயில் மூடும் நேரத்தை அதற்கு முந்தைய வாரம் தொலைபேசியில் கேட்டு உறுதி செய்துகொள்வேன்; அன்று கழிப்பறை திறந்திருக்குமா என்பதையும் சேர்த்தே கேட்பேன், ஏனென்றால் பெண்கள் பலர் வரத் தயங்குவதற்குக் காரணம் அதுதான். வெள்ளை, மஞ்சள், சிவப்பு நிற ஆடைகள் வேண்டாம்; பழுப்போ கரும்பச்சையோ நன்று. தின்பண்டங்களைத் தூக்குப்போசியில் கொண்டுவாருங்கள். நெகிழிப் பொட்டலம் எதுவும் குளக்கரைக்கு வரக் கூடாது. பறவைக் குரலைக் கைப்பேசியில் ஒலிக்கவிட்டு அழைக்கும் பழக்கம் யாருக்கும் இருந்தால் அன்று மட்டுமாவது அதை விட்டுவிடுங்கள்.

முழங்கால் வலியுள்ள பெரியவரிடம் நேற்று இந்த ஏற்பாட்டைச் சொன்னேன். "நான் எதுக்குங்க, உங்களுக்கெல்லாம் தொந்தரவு" என்றுதான் முதலில் தயங்கினார். வாயிலிலிருந்து முதலில் நிற்கப்போகும் இடம் வரைக்கும் எவ்வளவு தூரம் என்று கேட்டார். அடுத்த வாரம் நான் போய் அடி எண்ணிப் பார்த்துவிட்டு வந்து சொல்வதாக ஒத்துக்கொண்டிருக்கிறேன். மடக்கு நாற்காலி ஒன்றை எடுத்துக்கொள்ளலாமா என்று அவருடைய பேத்தி கேட்டாள். இரண்டு எடுத்துக்கொள்ளச் சொன்னேன்.